யாரும் கேட்கவில்லையே

1967. வியட்நாம் போருக்கு ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருந்த காலம். வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரைச் சேர்ந்த பெர்ரி வாட்கின்ஸ் என்ற 19 வயதுக் கறுப்பின இளைஞரை அமெரிக்க ராணுவம் மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிட்டது. அங்கே ஒரு படிவம் கொடுத்தார்கள். காசநோய் உண்டா, தூக்கத்தில் நடப்பீர்களா என்கிற மாதிரி கேள்விகளுக்கு நடுவே தன்பாலீர்ப்பு நாட்டம் உண்டா என்றும் ஒரு கேள்வி. எதிரே இரண்டு கட்டங்கள். வாட்கின்ஸ் 'ஆம்' கட்டத்தில் டிக் அடித்தார்.

அன்றைய விதிப்படி கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் ராணுவம் அவரை மனநல மருத்துவரிடம் அனுப்பியது. அவர் பேசிப் பார்த்துவிட்டு, சேவைக்குத் தகுதியானவர் என்று எழுதிவிட்டார். 1968 மே மாதம் வாட்கின்ஸ் சிப்பாய். வெள்ளைக்கார இளைஞர் ஒருவர் அதே கட்டத்தில் டிக் அடித்திருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள், கறுப்பன் எப்படியும் வியட்நாமில் செத்துப்போவான் என்று நினைத்திருப்பார்கள் என்பது வாட்கின்ஸ் பின்னாளில் சொன்ன விளக்கம். டாக்டர் மனதில் என்ன இருந்ததோ, ஆள் குறையும்போது விதி தளர்வதும் போர் முடிந்ததும் விதி இறுகுவதும் இந்த வரலாறு முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிறது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். பன்னிரண்டு வருடங்களாக விதவிதமான படிவங்களைத் திரையில் கட்டிக்கொடுப்பதுதான் வேலை. அதனாலோ என்னவோ, தன்பாலீர்ப்பு கொண்டவர்கள் வெளிப்படையாக ராணுவத்தில் பணியாற்றலாமா என்ற சண்டையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வீரம், ஒழுக்கம், தேசம் எல்லாம் இரண்டாம் பட்சமாகி அந்தக் கட்டம்தான் கண்ணில் நிற்கிறது. யார் கேட்டார்கள், எப்போது கேட்பதை நிறுத்தினார்கள், நிறுத்திய பிறகு என்ன ஆயிற்று. அமெரிக்கா இந்த விஷயத்தில் செய்த கூத்து எல்லாமே இதற்குள் அடங்கிவிடும்.

முதலில் காகிதத்தின் நிறத்தில் இருந்து தொடங்கலாம். இரண்டாம் உலகப்போரின்போது தன்பாலீர்ப்பாளர் என்று கண்டுபிடிக்கப்பட்டவர்களையெல்லாம் ராணுவ நீதிமன்றத்துக்கு இழுத்துக்கொண்டிருக்க நேரமில்லை. எனவே கௌரவமானது என்றும் சொல்லாமல், கௌரவமற்றது என்றும் சொல்லாமல் ஒரு நடுத்தரமான வெளியேற்றம். அந்தச் சான்றிதழ் நீல நிறத் தாளில் அச்சடிக்கப்பட்டது. பெயரே 'நீல வெளியேற்றம்' என்றாகிவிட்டது. 1941 டிசம்பர் முதல் 1945 ஜூன் வரை தரைப்படை மட்டும் இப்படி 48,603 பேரை அனுப்பியது. எல்லாரும் தன்பாலீர்ப்பாளர்கள் அல்ல. 10,806 பேர் கறுப்பினத்தவர். படையில் 6.5 சதவீதம் இருந்தவர்கள் நீலத்தாளில் 22.2 சதவீதம். மேலதிகாரிக்கு யாரைப் பிடிக்கவில்லையோ அவர்களை அனுப்ப வசதியான தாள்.

சட்டப்படி அது தண்டனை இல்லை. ஆனால் ஊருக்குத் திரும்பி வேலை கேட்டுப் போனால் முதலாளி சான்றிதழைப் பார்ப்பார். நீலம். அவ்வளவுதான். போர் முடிந்து வந்த வீரர்களுக்குக் கல்லூரிப் படிப்பும் வீட்டுக்கடனும் கொடுத்து அமெரிக்க நடுத்தர வர்க்கத்தையே உருவாக்கியதாகச் சொல்லப்படும் சலுகைச் சட்டம் 1944இல் வந்தது. முன்னாள் வீரர் நல அலுவலகம் நீலத்தாள்காரர்களுக்கு அதை மறுத்தது. கறுப்பினத்தவரின் பத்திரிகையான பிட்ஸ்பர்க் கூரியர் 1945இல் இதை எதிர்த்து எழுதியது. 1947இல் அந்தத் தாள் ஒழிந்து, வேறு பெயர்களில் வேறு வெளியேற்றங்கள் வந்தன.

சொல்லப்போனால் அரசாங்கத்துக்கே தன் விதியில் முழு நம்பிக்கை இருந்ததா என்பது சந்தேகம். தன்பாலீர்ப்பாளர்களை எதிரி மிரட்டி ரகசியங்களைக் கறந்துவிடுவான் என்பது ஐம்பதுகளின் பிரதான வாதம். 1957இல் கடற்படையே ஒரு குழு போட்டு ஆராய்ந்தது. மற்றவர்களைவிட இவர்களால் பாதுகாப்புக்கு ஆபத்து அதிகம் என்பதற்கு ஆதாரமில்லை என்று அந்த கிரிட்டெண்டன் அறிக்கை சொன்னது. கடற்படை அதை இருபது வருடங்கள் போல அலமாரியில் பூட்டி வைத்திருந்தது. யோசித்தால் வேடிக்கை. தெரிந்தால் வேலை போகும் என்ற பயம் இருப்பதால்தானே ஒருவரை மிரட்டவே முடிகிறது? விதியை எடுத்துவிட்டால் மிரட்டுபவன் கையில் என்ன மிஞ்சும்?

லெனர்ட் மட்லோவிச் வேறு மாதிரி ஆள். விமானப்படை சார்ஜெண்டின் மகன், தானும் விமானப்படை. வியட்நாமுக்கு மூன்று முறை போனார். கண்ணிவெடியில் கால் வைத்துக் காயப்பட்டார். வெண்கல நட்சத்திரம், பர்ப்பிள் ஹார்ட் எல்லாம் வாங்கியவர். பிறகு அவருக்குக் கிடைத்த வேலைதான் முக்கியம். வெள்ளை, கறுப்பு வீரர்களுக்கு இடையே இணக்கம் உண்டாக்கும் இன உறவு வகுப்புகளை எடுத்தார். பிரிவினையில் வளர்ந்த தெற்கத்திப் பையன், அந்த வகுப்பு எடுத்து எடுத்தே தன்னைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார். 1975 மார்ச்சில் லாங்லி தளத்தில் தன் மேலதிகாரியிடம் ஒரு கடிதத்தை நேரில் கொடுத்தார். இதற்கு என்ன அர்த்தம் என்று அதிகாரி கேட்க, பள்ளிகளில் இனப் பிரிவினையை முடித்துவைத்த 1954 தீர்ப்பின் பெயரைச் சொன்னாராம் மட்லோவிச்.

அது தற்செயல் இல்லை. பின்னணியில் ஃபிராங்க் கமெனி இருந்தார். ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கிய வானியலாளர். ராணுவத்தின் வரைபட அலுவலகத்தில் இருந்து 1957இல் இதே காரணத்துக்காகத் துரத்தப்பட்டு, வாழ்நாள் முழுக்க அரசோடு மல்லுக்கட்டியவர். குறையே சொல்ல முடியாத ஒரு படைவீரர் தனக்கு வழக்குக்கு வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் டைம் இதழின் அட்டையில் சீருடையோடு மட்லோவிச், கீழே 'நான் ஒரு தன்பாலீர்ப்பாளன்' என்ற வாசகம். விசாரணையில் விமானப்படை ஒரு பேரம் பேசியது: இனிமேல் அப்படி நடந்துகொள்ள மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் இருக்கலாம். அவர் போடவில்லை. வெளியேற்றினார்கள். 1980இல் நீதிபதி திரும்பச் சேர்க்கச் சொன்னார். விமானப்படை 1,60,000 டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. 1988இல் எய்ட்ஸ் நோயில் இறந்தார். வாஷிங்டன் நகரின் காங்கிரஷனல் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் அவர் கல்லறைக் கல்லில் அவர் பெயர் இல்லை. இரண்டு ஆண்களைக் கொன்றதற்குப் பதக்கம் கொடுத்தார்கள், ஒருவனை நேசித்ததற்கு வெளியே அனுப்பினார்கள் என்ற பொருள் வரும் வாசகம் மட்டும்.

அந்த வாசகத்தைப் புகழாத கட்டுரை இல்லை. எனக்கு அதில் ஓர் உறுத்தல் உண்டு. அதன் முதல் பாதியையும் கேள்வி கேட்கத் தோன்றாதா? ராணுவம் என்கிற ஏற்பாட்டின் மீதே பெரிய மரியாதை இல்லாத நண்பர்கள் எனக்கு உண்டு. "குண்டு போடுறதுக்கும் சம உரிமையா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பும் வைத்தியமும் ஓய்வூதியமும் வரும் ஒரே வழியாக ராணுவம் இருக்கிற நாட்டில், அந்தக் கதவை யாருக்குச் சாத்துகிறார்கள் என்பதைத் தத்துவம் பேசித் தாண்டிவிட முடியாது. நீலத்தாள்காரர்கள் இழந்தது போர்க்களத்தை அல்ல, கல்லூரியை.

வாட்கின்ஸ் கதைக்குத் திரும்புகிறேன். அவர் கட்டத்தில் டிக் அடித்ததோடு நிற்கவில்லை. 1968இலேயே, தான் தன்பாலீர்ப்பாளன் என்று ராணுவப் புலனாய்வுக்காரர்களிடம் எழுதிக் கொடுத்தார். போதிய ஆதாரம் இல்லை என்று கோப்பை மூடினார்கள்! ஜெர்மனியில் இருந்தபோது ராணுவ நிகழ்ச்சிகளிலேயே 'சிமோன்' என்ற பெயரில் பெண் வேடம் கட்டி மேடையேறினார். 1971இல் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். 1974இல் மறுபடி. 1975இல் ஒரு குழு விசாரித்தது. அவருடைய மேலதிகாரியே வந்து நல்ல சாட்சி சொன்னார். குழு ஏகமனதாக இருக்கட்டும் என்றது. எழுத்தர் வேலையில் அவருடைய மதிப்பீடு 85க்கு 85. 1979இல் மறுபடி. பிறகு 1981இல், தன்பாலீர்ப்பு ராணுவச் சேவைக்கு ஒவ்வாதது என்று அறிவித்து, விதிவிலக்கே இல்லாத புதிய விதியைப் பாதுகாப்புத் துறை கொண்டுவந்தது. பதினான்கு வருடம் கழித்து ராணுவத்துக்கு அந்த டிக் கண்ணில் பட்டது. ஓய்வூதியத்துக்குச் சில ஆண்டுகளே இருந்தபோது வெளியேற்றினார்கள்.

1989இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன விதம் எனக்குப் பிடித்தமானது. சமத்துவம், அரசியல் சாசனம் என்று பெரிய வார்த்தைகளுக்குப் பெரும்பான்மை போகவில்லை. அவர் முதல் நாளே உண்மையைச் சொன்னார், தெரிந்தேதான் திரும்பத் திரும்பச் சேர்த்துக்கொண்டீர்கள், இப்போது பேச்சு மாற முடியாது என்றது. கடைத்தெரு நியாயம். 1990இல் உச்ச நீதிமன்றம் அரசின் மனுவை எடுத்துக்கொள்ள மறுத்தது. சம்பள பாக்கியும் பதவி உயர்வும் ஓய்வூதியமும் வாங்கிக்கொண்டு வாட்கின்ஸ் ஒதுங்கிக்கொண்டார். 1996இல் இறந்தார். மட்லோவிச் போல அவர் இந்தப் போராட்டத்தின் முகமாக ஆக்கப்படவில்லை. கறுப்பினத்தவர், பெண் வேடம் கட்டியவர். அட்டைப்படத்துக்கு ஏற்ற ஆள் என்று இயக்கத்துக்காரர்களுக்கே தோன்றவில்லை போலும்.

இனி கிளிண்டன். தடையை நீக்குவேன் என்று சொல்லி 1992 தேர்தலில் ஜெயித்தார். தளபதிகள் எதிர்த்தார்கள். அவர்களில் முக்கியமானவர் கூட்டுப் படைத்தலைவர் காலின் பவல், அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். 1948இல் ட்ரூமன் படைகளில் இனப் பிரிவினையை நீக்க ஆணையிட்டபோது சொல்லப்பட்ட எதிர்ப்புகள்தானே இவை, ஒரே கூடாரத்தில் எப்படிப் படுப்பது, ஒற்றுமை குலையாதா என்பதெல்லாம் அன்றும் கேட்டதுதானே என்று கேட்டவர்களுக்கு, தோல் நிறமும் இதுவும் ஒன்றல்ல என்று பவல் பதில் சொன்னார். செனட்டர் சாம் நன் தொலைக்காட்சிக் கேமராக்களோடு நீர்மூழ்கிக் கப்பலுக்குள் போய், படுக்கைகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று காட்டினார். அந்த விவாதத்துக்குச் சில மாதங்கள் முன்புதான், 1992 அக்டோபரில், ஆலன் ஷிண்ட்லர் என்ற மாலுமியை ஜப்பானின் சசெபோவில் உடன் பணியாற்றியவரே அடித்துக் கொன்றிருந்தார். ஆனால் தொலைக்காட்சியில் பயப்பட்டவர்கள் யார், யாருக்காகப் பயப்பட்டார்கள் என்று பாருங்கள்.

1993இல் ஒரு சமரசம் பிறந்தது. 'கேட்காதே, சொல்லாதே.' படிவத்தில் இருந்து கேள்வியை எடுத்துவிடுவது. நீங்களும் சொல்லாதீர்கள். சொன்னால், அல்லது தெரியவந்தால், வெளியே.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இதைப் பற்றி முதன்முதலாகப் படித்தபோது எனக்கு இது ரொம்ப நேர்த்தியான தீர்வாகப் பட்டது. எங்கள் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு: தேவையில்லாத தகவலைச் சேகரிக்காதே. கட்டத்தையே நீக்கிவிட்டால் யாரைக் காயப்படுத்த முடியும்? வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட வேலை பார்த்த ஒருவன் இரவு ஷிப்ட் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது, தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்று என்னிடம் சொன்னான். நான் முற்போக்கானவன் என்று என்னைப் பற்றி எனக்கு நினைப்பு. "அதனால என்னடா, யார் கேட்டா இப்ப? நீ ஏன் சொல்லிக்கிட்டு இருக்க?" என்றேன். ஆறுதல் சொன்னதாகத்தான் நினைத்தேன். அவன் சிரித்துவிட்டு டீக்குக் காசு கொடுத்தான். அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் சொன்னதில்லை. திங்கட்கிழமை காலைகளில் நான் என் மனைவியோடு எந்தப் படத்துக்குப் போனேன் என்று அவனிடம் அளந்துகொண்டிருப்பேன், என்னை யாரும் கேட்காமலேயே.

ராணுவத்தில் நடந்ததும் இதுதான், இதைவிடக் கொடூரமாக. படுக்கைக்கு மேலே மனைவியின் போட்டோ ஒட்டுவது 'சொல்வது' ஆகாது. காதலனின் கடிதம் பெட்டியில் இருந்தால் அது சொல்வது. நான் இன்னார் என்ற ஒரு வாக்கியமே, அவர் அப்படி நடந்துகொள்வார் என்பதற்கான அனுமானமாகச் சட்டத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது. அதை மறுத்து நிரூபிப்பது அவர் பாடு. கேட்பதை நிறுத்திவிட்டு, தேடுவதை நிறுத்தவில்லை.

எங்கள் துறைக்காரர்கள் எல்லாருமே படிக்க வேண்டிய வழக்கு ஒன்று உண்டு. டிமத்தி மெக்வே. (ஓக்லஹோமாவில் குண்டு வைத்தவர் அல்ல, அதே பெயர் வாய்த்த பாவப்பட்டவர்.) அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலில் மூத்த அதிகாரி, 17 வருட சேவை. 1997இல் கப்பல் குடும்பங்களின் குழந்தைகளுக்குப் பொம்மை சேகரிப்பது சம்பந்தமாக ஒரு பெண்மணிக்கு ஏஓஎல் கணக்கில் இருந்து மின்னஞ்சல் அனுப்பினார். அந்தப் பெண்மணி அனுப்பியவரின் சுயவிவரப் பக்கத்தைத் தட்டிப் பார்த்தார். முழுப்பெயர் இல்லை, திருமண நிலை என்ற இடத்தில் 'கே' என்று இருந்தது. விஷயம் கடற்படைக்குப் போயிற்று. கடற்படை ஊழியர் ஒருவர் ஏஓஎல் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டார், தான் அரசாங்கத்தில் இருந்து பேசுவதாகச் சொல்லாமல். எதிர்முனையில் இருந்தவர் கணக்கு யாருடையது என்று உறுதிப்படுத்திவிட்டார். பிடியாணை இல்லை, ஒன்றும் இல்லை. 1998 ஜனவரியில் நீதிபதி ஸ்டான்லி ஸ்போர்கின் வெளியேற்றத்தைத் தடுத்தார். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நீங்கள்தான் துருவிப் போனீர்கள் என்றார். மெக்வே பிறகு ஓய்வூதியத்தோடு போனார். முழுப்பெயர் போடாத ஒரு சுயவிவரத்தையும் ஒரு கணக்குப் பெயரையும் சேர்த்தால் ஒரு மனிதன் பிடிபடுவான் என்பதை 1998இலேயே ஒரு தீர்ப்பில் எழுதியிருக்கிறார்கள். நாம் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறோம்.

இந்தச் சட்டத்தின் கீழ் 13,000க்கும் மேற்பட்டவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். படையில் தங்கள் எண்ணிக்கைக்குப் பொருந்தாத விகிதத்தில் பெண்கள். 2001 செப்டம்பருக்குப் பிறகு அரபு தெரிந்தவர்களுக்காக அரசாங்கம் தவித்துக்கொண்டிருந்த ஆண்டுகளிலும், கலிஃபோர்னியாவின் மான்டரேயில் உள்ள ராணுவ மொழிப் பள்ளியில் இருந்து அரபு படித்தவர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1999இல் கெண்டக்கி எல்லையில் உள்ள ஃபோர்ட் கேம்பல் முகாமில் பேரி வின்செல் என்ற 21 வயது சிப்பாய் தூங்கும்போது பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொல்லப்பட்டார். மாதக்கணக்கில் கேலி செய்திருக்கிறார்கள். புகார் கொடுக்க வேண்டுமென்றால் எதற்காகக் கேலி என்று சொல்ல வேண்டும். சொன்னால் வேலை போகும்.

எதிர்த்தரப்பு வாதத்தை நான் அலட்சியம் செய்ய விரும்பவில்லை. போர்முனையில் பக்கத்தில் இருப்பவன் மேல் நம்பிக்கை வேண்டும், கட்டுக்கோப்பு குலைந்தால் ஆட்கள் சாவார்கள் என்பது வெற்றுப் பேச்சல்ல. தனியுரிமையும் நிஜமான விஷயம்தான். ஆனால் அது சரிபார்க்கக்கூடிய கூற்று. கனடா 1992இல் தடையை நீக்கியது, இஸ்ரேல் 1993இல் கட்டுப்பாடுகளைக் களைந்தது, பிரிட்டன் ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றத்தில் தோற்று 2000 ஜனவரியில் நீக்கியது. எந்தப் படையும் கலைந்துபோகவில்லை. 1993இலேயே அமெரிக்கப் பாதுகாப்புத் துறை கேட்டு ராண்ட் நிறுவனம் செய்த ஆய்வு, ஒருவர் தகுதியானவரா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றது. அதற்குப் பிறகும், 2009இல் ஓய்வுபெற்ற தளபதிகள் 1,000க்கும் மேற்பட்டோர் தடை தொடர வேண்டும் என்று கையெழுத்திட்டார்கள்.

2010 பிப்ரவரியில் கூட்டுப் படைத்தலைவர் மைக் மலன் செனட் குழு முன்பு, சக குடிமக்களைக் காக்க வந்த இளைஞர்களைத் தாங்கள் யார் என்பதில் பொய் சொல்ல வைக்கும் கொள்கை தன்னை உறுத்துகிறது என்று சொன்னார். மறுநாளே காலின் பவல் தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டார். நவம்பரில் வெளிவந்த பெண்டகனின் கருத்துக்கணிப்பில் 1,15,000 வீரர்கள் பதில் சொல்லியிருந்தார்கள். ஏறத்தாழ 70 சதவீதம் பேர் நல்லது நடக்கும், கலவையாக இருக்கும், அல்லது ஒன்றும் ஆகாது என்றார்கள். சட்டம் டிசம்பரில் ரத்தானது. 2011 செப்டம்பர் 20 முதல் அமல். அன்றும் ஒன்றும் ஆகவில்லை.

நம் ஊரைப் பற்றிக் கேட்பீர்கள். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவின் பல்லைப் பிடுங்கியது. 2019 ஜனவரியில் தரைப்படைத் தளபதி பிபின் ராவத் செய்தியாளர்களிடம், ராணுவத்துக்குள் இதை அனுமதிக்க மாட்டோம், ராணுவம் பழமைவாதமானது என்றார். அரசியல் சாசனத்தின் 33ஆம் பிரிவு படையினரின் அடிப்படை உரிமைகளைச் சுருக்க நாடாளுமன்றத்துக்கு அனுமதி தருகிறது. 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் 'இயற்கைக்கு மாறான' நடத்தை என்ற சொல்லை வைத்திருக்கிறது. 2022இல் ஓனிர் என்ற இயக்குநர் தன்பாலீர்ப்பு கொண்ட ராணுவ அதிகாரி பற்றி எழுதிய திரைக்கதைக்குப் பாதுகாப்பு அமைச்சகம் தடையில்லாச் சான்று மறுத்தது. இங்கே இன்னும் கட்டம்கூட அச்சாகவில்லை.

அமெரிக்காவில் 2011இல் கதை சுபமாக முடிந்துவிட்டதாகப் பல கட்டுரைகள் முடித்துவிடுகின்றன. டானா ஜான்சன் என்ற வட கரோலினா தேசியக் காவல்படை சார்ஜெண்ட் 2012 அக்டோபர் 1 அன்று ஆப்கானிஸ்தானின் கோஸ்த் நகரில் தற்கொலைத் தாக்குதலில் இறந்தார். அவருக்கு முறைப்படி திருமணமாகி ஒரு மனைவி இருந்தார். வெளிப்படையாகப் பணியாற்றலாம் என்று ஆகி ஒரு வருடம் கழிந்திருந்தது. ஆனால் திருமணம் என்றால் ஆணும் பெண்ணும்தான் என்று சொல்லும் மத்தியச் சட்டம் அப்போது உயிரோடு இருந்தது. சீருடை அணிந்த அதிகாரிகள் செய்தி சொல்லக் கதவைத் தட்டியது அம்மாவின் வீட்டில். சவப்பெட்டி மீது போர்த்திய கொடியும் அம்மாவிடம் போனது. மனைவிக்கு நாத்தனார் மூலம்தான் தெரியவந்தது. ராணுவக் கோப்பில் அவருக்கு உறவுமுறை என்று ஒன்று இருக்கவில்லை. அந்தச் சட்டம் விழ இன்னும் ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் பாக்கி இருந்தன.

இதைப் படித்த வாரம் பழைய புராஜெக்ட் ஒன்றின் கோடைத் திறந்து பார்த்தேன். ஊழியர் காப்பீட்டில் நாமினி யார் என்று நிரப்பும் படிவம், நான் எழுதியதுதான். கணவர், மனைவி, அப்பா, அம்மா, மகன், மகள். இருப்பதிலேயே கடைசியாக 'மற்றவர்' என்று போட்டிருக்கிறேன். அதைத் தேர்ந்தெடுத்தால் பக்கத்தில் ஒரு கட்டம் திறக்கும். 'காரணத்தைக் குறிப்பிடவும்.' கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம், சிவப்பு நட்சத்திரக்குறியோடு. டீக்கடையில் என்னிடம் சொன்னவன் அந்த நிறுவனத்தில் நாலு வருடம் இருந்தான். அவன் எதைத் தேர்ந்தெடுத்தான் என்று பார்க்க எனக்கு அனுமதி இருந்தது. பார்க்கவில்லை.